முதுகில் பொருத்திய ஸ்க்ரூ இடம் மாறினால்

சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன் நமது மருத்துவ உதவிக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. 58 வயதுச் சகோதரி ஒருவருக்கு பிசியோதெரபி செலவுக்காக மாதம் 2,000 ரூபாய் கேட்டு மகள் எழுதியிருந்தார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் "வயசு, முதுகு வலி, பழைய ஆபரேஷன்" என்று மட்டும் இருந்தது. வழக்கம்போல நேரில் விசாரிக்கப் போனோம். அவர் எழுந்து வாசலுக்கு வந்த விதம்தான் எங்களை யோசிக்க வைத்தது. இடது கால் செருப்பு பாதி வழியிலேயே கழன்று பின்னால் கிடந்தது. அது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இடுப்பு முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்துகொண்டவர். மூன்று ஆண்டுகள் நன்றாகவே இருந்தார். தையல் மிஷினில் உட்கார்ந்து வேலையும் பார்த்தார். அதன் பிறகு படுக்கையில் புரளும்போது சுருக்கென்று வலி. "உம்மாவுக்கு வயசாகுது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். எண்ணெய் தேய்த்து நீவி விட ஒருவரை வரவழைத்தார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை ஓடியது. ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் போனபோது, தொழுகையில் குனிந்து எழுந்ததால்தான் ஸ்க்ரூ கெட்டுவிட்டதோ என்று அவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு, வலியை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்தபோது விஷயம் தெரிந்தது. கீழ்ப்புற ஸ்க்ரூ இரண்டும் எலும்புக்குள் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே வைத்திருந்த கேஜ் பின்னோக்கி நகர்ந்து, இடது பாதத்தைத் தூக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன கம்பெனி ஸ்க்ரூ இது? பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே?" வீட்டில் ஒரு தாள் கூட இல்லை.

முதுகு ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வருபவர்கள் வருடத்துக்கு வருடம் நம்மிடம் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து என்ன ஆகலாம் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்த இதழில் இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஸ்க்ரூ எதற்காக?

"முதுகில் கம்பி வைத்திருக்கிறார்கள், இனி அந்தக் கம்பிதான் தாங்கும்" என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. வீட்டுக்குக் கூரை போடும்போது சென்ட்ரிங் அடித்து முட்டுக் கொடுப்போம் அல்லவா? கான்கிரீட் இறுகும் வரை எடையைத் தாங்குவது அந்த முட்டு. இறுகிய பிறகு கூரை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். முதுகில் வைக்கும் ஸ்க்ரூவும் ராடும் முட்டு மாதிரி. கான்கிரீட் என்பது இரண்டு முதுகெலும்புகளும் சேர்ந்து ஒன்றாக ஒட்டி வளரும் எலும்பு. ஒரே வித்தியாசம், வேலை முடிந்ததும் முட்டைப் பிரித்துவிடுவோம். முதுகில் வைத்ததைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டுவிடுவார்கள்.

ஜவ்வு தேய்ந்தோ, ஒரு எலும்பு மற்றொன்றின் மேல் முன்னால் சறுக்கியோ நரம்பு நசுங்கும்போது இந்த ஆபரேஷன் செய்யப்படுகிறது. நரம்பைச் சுற்றி இடம் ஏற்படுத்திய பிறகு, அந்த இடம் இனி அசையாமல் இருக்க மேலும் கீழுமாக உள்ள எலும்புகளில் பின்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ ஏற்றுகிறார்கள். எலும்பு ஒன்றுக்கு இரண்டு வீதம், ஒரு இடத்துக்கு நான்கு ஸ்க்ரூ, அவற்றை இணைக்க இரண்டு ராடு. இன்று பெரும்பாலும் டைட்டானியம்தான். ஜவ்வு இருந்த இடத்தில் கேஜ் என்னும் சிறு கூண்டை வைத்து அதற்குள் எலும்புத் துண்டுகளை நிரப்புகிறார்கள். அந்தத் துண்டுகள் மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் சேர்ந்து ஒட்ட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

இந்தக் கேஜுக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜார்ஜ் பாக்பி என்ற எலும்பு டாக்டர் இதை முதலில் குதிரைகளுக்காகத்தான் செய்தார். கழுத்தில் தண்டுவடம் நசுங்கி, தள்ளாடி நடக்கும் நோய் பந்தயக் குதிரைகளுக்கு வருவதுண்டு. அதற்கு எஃகுக் கூடை ஒன்றை வைத்துக் கழுத்தெலும்புகளை ஒட்டவைத்தார்கள். பிற்பாடு அதே யோசனை மனிதர்களின் இடுப்புக்கு வந்தது. 1996-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அந்த வகைக் கேஜுக்கு அனுமதி அளித்தது. ஸ்க்ரூ அதைவிடப் பழையது. பிரான்ஸில் ரேமண்ட் ரோய்-காமில் என்ற சர்ஜன் 1960-களிலேயே இன்றைய முறையில் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்.

எலும்பு ஒட்டுவதற்கும் உலோகம் களைத்துப்போவதற்கும் இடையே ஓட்டப்பந்தயம் நடக்கிறது என்று சர்ஜன்கள் சொல்வதுண்டு. ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அடிகள் நடக்கிறார், குனிகிறார், திரும்புகிறார். ஒவ்வொரு அசைவிலும் அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? எலும்பு ஒட்டிவிட்டால் அந்தச் சுமை உலோகத்தை விட்டு நீங்கிவிடும். ஒட்டாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். உலோகம் முறியும், அல்லது எலும்புக்குள் அதன் பிடி தளரும். பல வருடம் கழித்து வரும் கோளாறுகளில் பெரும்பகுதி, அன்று ஒட்டாமல் போன எலும்பின் பாக்கிதான்.

என்னென்ன ஆகலாம்?

முதலாவதும் அதிகம் காணப்படுவதும் ஸ்க்ரூ தளர்வது. உதிரும் சுண்ணாம்புச் சுவரில் அடித்த ஆணி ஆட ஆட ஓட்டை பெரிதாவது போல, ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு கரைந்து இடைவெளி உண்டாகிறது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரியும். புரளும்போதும், உட்கார்ந்து எழும்போதும் வலிக்கும், படுத்தால் குறையும். சிலருக்கு உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்பதாகவும் சொல்வார்கள். ஆனால் கறுப்பு வளையம் தெரிந்த எல்லாருக்கும் தொந்தரவு இருப்பதில்லை. எதேச்சையாக எடுத்த எக்ஸ்ரேயில் தளர்வு தெரிந்து, எந்த வலியும் இல்லாமல் வருடக்கணக்கில் நடமாடுபவர்கள் உண்டு. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததுமே ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை.

கேஜ் நகர்வது இதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம். பெரும்பாலும் ஆபரேஷன் ஆன முதல் சில மாதங்களிலேயே நகர்ந்துவிடும், ஆனால் எலும்பு ஒட்டாதவர்களுக்குப் பின்னாலும் நேரலாம். பின்னோக்கி வந்தால் நரம்பின் மீதே உட்காரும். கீழ்நோக்கி அமுங்கினால் எலும்புகளின் இடைவெளி குறைந்து நரம்பு வெளியேறும் துவாரம் சுருங்கும். விளைவு, ஆபரேஷனுக்கு முன்பு இருந்த அதே கால் வலி திரும்பி வந்தது போல இருக்கும். "ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை" என்று சொல்லி வீட்டில் முடங்குவோரில் சிலருக்கு நடந்திருப்பது இதுதான்.

கழுத்தில் முன்பக்கமாக ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தவர்களுக்கு வேறொரு விதமான அடையாளம் உண்டு. பிளேட்டின் ஸ்க்ரூ முன்னால் தள்ளி வந்தால் அங்கே இருப்பது உணவுக்குழாய். சோறு விழுங்கும்போது தடுக்கும், தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது போல இருக்கும். மிக அரிதாக உணவுக்குழாயில் ஓட்டையே விழுந்திருக்கிறது, அதுவும் பல வருடங்கள் கழித்து. இவர்கள் தொண்டை டாக்டரிடம் போய், கழுத்து ஆபரேஷனைப் பற்றிச் சொல்லாமலே மருந்து வாங்கிக்கொண்டு வருவது நடக்கிறது. சொல்லிவிடுங்கள்.

ஒட்டிய இடம் நன்றாக இருந்தும் அதற்கு மேலுள்ள ஜவ்வு கெடுவதும் உண்டு. அசைய வேண்டிய ஒரு மூட்டு அசையாமல் போனால் அதன் வேலையும் பக்கத்து மூட்டின் தலையில் விழுகிறது. இது ஸ்க்ரூவின் குற்றமும் அல்ல, டாக்டரின் குற்றமும் அல்ல. கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்களைப் பின்தொடர்ந்து 1999-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பக்கத்து இடத்தில் புதுத் தொந்தரவு வரக்கூடும் என்று கணித்தார்கள்.

கடைசியாகக் கிருமித் தொற்று. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆபரேஷன் ஆகி இரண்டு, மூன்று வருடம் கழித்துக் கூடத் தொற்று வெளிப்படலாம். நம் தோலில் சாதாரணமாக வாழும், மெதுவாக வளரும் ஒரு வகைக் கிருமி உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும். காய்ச்சல் கூட இருக்காது. மந்தமான வலி, தையல் தழும்பில் சிறு கொப்புளம், அதிலிருந்து அவ்வப்போது கசிவு, அவ்வளவுதான். இந்தக் கிருமி பரிசோதனைக் கூடத்தில் வளரவே பத்துப் பதினைந்து நாள் எடுக்கும் என்பதால், இரண்டு நாளில் 'கிருமி இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. ஸ்க்ரூ தளர்வுக்கும் சில சமயம் மறைந்திருக்கும் இந்தத் தொற்றே காரணம்.

பொருளிலேயே குறை இருந்த சம்பவங்களும் உலகில் உண்டு. பிரிட்டனின் ரேனியர் நிறுவனம் தயாரித்த கேடிஸ்க்-எல் என்ற செயற்கை ஜவ்வு, உலோகம் இல்லாமல் ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது. ஜெர்மனியில் அதைப் பொருத்திக்கொண்ட பலருக்கு உடலுக்குள்ளேயே அது சிதைந்தோ நகர்ந்தோ போனது, 2014-இல் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. 2018 நவம்பரில் 36 நாடுகளின் பத்திரிகையாளர்கள் கூட்டாக வெளியிட்ட 'இம்ப்ளாண்ட் ஃபைல்ஸ்' என்ற புலனாய்வில் இது விரிவாக வெளிவந்தது. ஆனால் நம்மிடம் வருபவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. "கம்பெனி ஏமாற்றிவிட்டது", "டாக்டர் கெடுத்துவிட்டார்" என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்துக்கொண்டு வருபவர்கள், பழைய டாக்டரிடம் திரும்பிப் போகத் தயங்கி நாளைக் கடத்துகிறார்கள். நரம்பு அதுவரை காத்திருக்காது.

யாருக்கு அதிகம் நேர்கிறது?

எலும்பு மெலிந்தவர்களுக்கு. மாதவிடாய் நின்ற பெண்கள், வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்து வைட்டமின் டி குறைந்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் இதில் வருவார்கள். 'ஒரே நாளில் வலி போகும்' என்று விற்கப்படும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். முதுகு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று ஐம்பது தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் டாக்டரிடம் கேட்கலாம். எலும்பு மெலிந்திருப்பது முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம், ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு சிமெண்ட் செலுத்தலாம்.

அடுத்து பீடி, சிகரெட். நிகோடின் எலும்பு ஒட்டுவதைத் தடுக்கிறது என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. வாயில் அடக்கும் புகையிலையிலும் அதே நிகோடின்தான். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் அப்படியே, அது தொற்றுக்கும் வழி திறந்துவிடுகிறது. பல எலும்புகளைச் சேர்த்து நீளமாக ஸ்க்ரூ போட்டவர்களுக்கு, இடுப்பின் அடியிலுள்ள கடைசி ஸ்க்ரூக்களில்தான் முதலில் தளர்வு தெரியும். எல்லாச் சுமையும் அங்கேதான் இறங்குகிறது.

தொழுகை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் எலும்பு ஒட்டும் காலத்தில் முன்னால் குனிவது, இடுப்பைத் திருகுவது, கனம் தூக்குவது, தரையிலிருந்து எழுவது எல்லாம் ஸ்க்ரூவின் மேல் சுமையை ஏற்றும். அந்த மாதங்களில் நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை தெளிவானது. "நான் தாங்கிக்கொள்வேன்" என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. எப்போது தரைக்குத் திரும்பலாம் என்பதை உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து சர்ஜன்தான் சொல்ல வேண்டும். நன்றாக ஒட்டிவிட்ட எலும்பை ருகூவும் ஸஜ்தாவும் பிரித்துவிடாது. நமது சகோதரியின் ஸ்க்ரூ தளர்ந்தது ஸஜ்தாவால் அல்ல, எலும்பு ஒட்டாததால். டாக்டர் இதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார்.

ஆபரேஷன் ஆன இடத்தில் நீவுவது, மிதிப்பது, நெட்டி எடுப்பது வேண்டாம். ஹிஜாமா செய்துகொள்ளும் வழக்கமுள்ளவர்கள் தழும்புக்கு மேலும் அதை ஒட்டியும் கீறிக்கொள்ள வேண்டாம். அடியில் உலோகம் இருக்கும் இடத்தில் தோலைத் திறப்பது கிருமிக்குக் கதவு திறப்பது போல. வேறு இடத்தில் செய்வதென்றாலும் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே போக வேண்டிய அறிகுறிகள்

முதுகு வலி கூடினால் இரண்டு நாள் பார்க்கலாம். கீழ்க்கண்டவற்றுக்கு அந்த அவகாசம் கிடையாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. சைக்கிள் சீட்டில் உட்காரும் பகுதி, அதாவது மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது. இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வலியோ பலவீனமோ வருவது. இவை தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம். மணிக்கணக்கு முக்கியம். இரவானாலும் எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் பெண்கள் வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் மறைத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. மகள்களும் மருமகள்களும் நேரடியாகக் கேளுங்கள்.

பாதம் தொங்குவது, செருப்பு தானாகக் கழல்வது, படியில் கால்விரல் இடறுவது ஆகியவையும் அன்றே காட்ட வேண்டியவை. தழும்பில் சீழ், குளிர் காய்ச்சல், கழுத்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு விழுங்க முடியாமை, கை நடுங்கிப் பொத்தான் போட முடியாமை ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டர் என்ன செய்வார்?

நின்றபடியும், குனிந்து நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு ஒட்டியதா, ஸ்க்ரூ தளர்ந்ததா என்பதைக் காட்டுவதில் சி.டி. ஸ்கேன் சிறந்தது. நரம்பு நசுங்கியிருப்பதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. "உள்ளே கம்பி இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது" என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. டைட்டானியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. அதைச் சுற்றிப் படம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். எந்த உலோகம் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொற்று சந்தேகம் இருந்தால் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் எடுப்பார்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி உங்கள் பழைய எக்ஸ்ரே. இன்றைய படத்தில் கேஜ் ஓர் இடத்தில் இருக்கிறது. அது நகர்ந்ததா, ஆரம்பத்திலேயே அங்கேதான் வைத்தார்களா? பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருந்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மறு ஆபரேஷன் எல்லாருக்கும் தேவைப்படாது. நரம்பு பாதிக்கப்படவில்லை, வலி தாங்கக்கூடியது என்றால் பெல்ட், உடற்பயிற்சி, எலும்பு மருந்து என்று கவனித்துக்கொண்டே இருக்கலாம். மறு ஆபரேஷன் முதல் ஆபரேஷனை விடக் கடினம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய தழும்புத் திசு நரம்பு உறையோடு ஒட்டியிருக்கும். பிரிக்கும்போது உறை கிழிய வாய்ப்பு அதிகம், இரத்தமும் அதிகம் போகும். அவசரம் இல்லாத நிலையில் இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பது நன்றி மறப்பதாகாது. நரம்பு நசுங்கிக் கால் பலவீனமாகிக்கொண்டே போனாலோ, உள்ளே தொற்று இருந்தாலோ, அப்போது தள்ளிப்போடுவதுதான் தவறு.

ஒரு ஃபைல்

'என்ன கம்பெனி ஸ்க்ரூ' என்று டாக்டர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவின் தலைக்கும் தனித்தனி ஸ்க்ரூ டிரைவர். கம்பெனி தெரிந்தால் அதற்குரிய கருவிப் பெட்டியை வரவழைத்துவிடலாம். தெரியாவிட்டால் பலவகை ஸ்க்ரூவையும் கழற்றும் பொதுக் கருவிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். நமது சகோதரிக்கு இதிலேயே பன்னிரண்டு நாள் போனது. முன்பு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு மகள் நாலு தடவை அலைந்தார். பழைய பதிவு இல்லை என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை டாக்டர் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் சிக்கல்களோ ஐந்தாம் வருடமும் பத்தாம் வருடமும் வருகின்றன. அப்போது உங்கள் முதுகில் என்ன இருக்கிறது என்பதற்கான ஒரே சாட்சி உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, பில் கட்டும் அவசரத்திலும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் சி.டி., அப்புறம் இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர். ஒவ்வொரு ஸ்க்ரூவும் ராடும் வரும் பாக்கெட்டில் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் இருக்கும். அதை நர்ஸ் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார். அதன் ஒரு நகல் உங்களுக்கு வேண்டும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் பிள்ளைகள் இரண்டு பேருடைய போனில் வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்பும் சகோதரர்கள் கம்பெனியின் இன்சூரன்ஸ் முடியும் முன் இதைச் செய்துவிட வேண்டும். ஊருக்கு வந்த பிறகு அங்கிருந்து ஒரு தாளை வரவழைப்பது எவ்வளவு சிரமம் என்பது கமிட்டிக்கு அனுபவத்தில் தெரியும். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள் மூன்று வருடம் முடியவில்லை என்றால் இந்த வாரமே எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.

பொருத்திய கருவியில் குறை இருப்பதாகச் சந்தேகம் வந்தால் புகார் செய்ய வழி இருக்கிறது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவு செய்து வருகிறது. நோயாளியே தெரிவிக்கலாம், கட்டணமில்லா எண் 1800-180-3024. அதற்கும் அந்த லாட் எண் வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. மறு ஆபரேஷன் அதில் எந்தப் பிரிவில் வரும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திட்டத்தின் எண் 1800-425-3993. மீதித் தொகைக்கு நம்மிடம் விண்ணப்பிப்பவர்கள் மேற்சொன்ன தாள்களின் நகலை இணைத்தால் நாங்கள் டாக்டரிடம் கருத்துக் கேட்டு முடிவெடுப்பது எளிதாகும். இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.

அந்தச் சகோதரிக்கு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. பழைய ஸ்க்ரூ இரண்டைக் கழற்றி, தடிமனான வேறு ஸ்க்ரூ போட்டு, சிமெண்ட் வைத்து, கேஜை மாற்றினார்கள். வலி பெருமளவு குறைந்துவிட்டது. பாதம் முழுவதும் திரும்பவில்லை. செருப்புக்குப் பதில் ஷூவுக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்து நடக்கிறார், தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டார், நாற்காலியில் தொழுகிறார். போன வாரம் பார்க்கப் போனபோது மகள் ஒரு மஞ்சள் ஃபைலை எடுத்து வந்து காட்டினார். முதல் பக்கத்தில் ஸ்டிக்கர்கள் வரிசையாக ஒட்டியிருந்தன.